நுனி வளையத்தில் ஒரு பிசிறு

ஒரு தூண்டில் கோலின் காலில் விழச் சொன்னார்கள் என் அக்காவை. கோலுக்கு ஏது கால் என்று நான் கேட்டதற்கு, கையில் பிடிக்கிற அடிப்பக்கம்தான் கால் என்று ஒருவர் விளக்கம் வேறு சொன்னார். அத்தனை பேர் கூடியிருந்த இடத்தில் ஒருத்தருக்கும் சிரிப்பு வரவில்லை. எனக்கும் வரவில்லை. எனக்கு வந்தது கோபம். அது இன்னும் போகவில்லை.

அக்கா பெயர் மங்கலம். நாங்கள் கடலூர் தேவனாம்பட்டினத்துக்காரர்கள். கட்டுமரத்தில் போன அப்பா திரும்பாமல் போனபின், அம்மா அமிர்தம் மீன்கூடை சுமந்து எங்கள் இருவரையும் வளர்த்தாள். அக்கா மஞ்சக்குப்பத்தில் ஒரு தையற்காரம்மாவிடம் தொழில் கற்றாள். நான், குணசுந்தரி, டீச்சர் டிரெயினிங் சேர்ந்தேன். இரண்டு பேரில் எனக்கு வாய் நீளம், அவளுக்குக் கை சுத்தம். அவள் தைத்த ரவிக்கையில் தையல் விட்டுப்போச்சு என்று யாரும் திரும்பி வந்ததில்லை.

1961-இல் அவளைக் கிள்ளைக்குக் கிழக்கே, உப்பங்கழி ஓரத்துக் குப்பம் ஒன்றில் காத்தவராயனுக்குக் கட்டிக் கொடுத்தோம். சீராகப் போனது ஒரு பழைய தையல் மெஷின். மாமா நல்லவர்தான். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். நாலு பேர் மெச்ச நிற்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய ஆசை. அதற்காக என்ன வேண்டுமானாலும் செய்வார். வாய் திறக்க வேண்டிய இடத்தில் மூடிக்கொள்வதும் அதில் சேர்த்தி.

நெய்வேலியில் வேலை பார்த்த ஜெர்மன்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் கொடுவா பிடிக்க ஜீப்பில் வந்து இறங்குவார். அவருக்குப் படகு தள்ளியவர் மாமா. கொடுவா லேசுப்பட்ட மீன் இல்லை. தூண்டில் முள்ளைக் கவ்வியதும், தண்ணீரில் இறங்கி நிற்கிற சுரபுன்னை மர வேர்களுக்குள் பாயும். அதன் செவுள் மூடி சவரக் கத்தி மாதிரி இருக்கும். தூண்டில் நரம்பு அதில் பட்டால் அவ்வளவுதான், அறுந்துவிடும். ஜெர்மன்காரர் அதற்காகவே முள்ளுக்கு மேலே ஒரு முழத்துக்குக் கம்பி கட்டியிருப்பார். கைக்கயிற்றில் பிடித்துப் பழகிய எங்கள் ஆட்களுக்கு அவருடைய கோலும், நரம்பைச் சுற்றி வைக்க அதில் மாட்டிய ரீலும், கண்ணாடி போன்ற நைலான் நரம்பும் பெரிய வேடிக்கை. அந்த நரம்பைத் தங்கூசி என்போம்.

1964-இல் அவர் ஊர் திரும்பினார். தன்னிடமிருந்த இரண்டு கோலில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார், ரீலோடு. ஒன்று நெடுநெடுவென்று நுனி ஆடுகிற நீளக் கோல். இன்னொன்று ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூட, முரட்டுக் கோல். மாமா நீளத்தைத்தான் எடுக்கப் பார்த்தார். தோளில் வைத்துக்கொண்டு நடந்தால் ஊரே பார்க்குமே.

"குட்டைய எடு மாமா," என்று அக்கா அவர் காதோடு சொன்னாளாம். "நம்ம வாய்க்கா குறுகல். மேலயும் கிளை, கீழயும் வேரு. மீனு வேருக்குள்ள ஓடுறப்ப இழுத்து நிறுத்த வேணாமா? அந்த நீட்டுக் கோலு வளைஞ்சி குடுத்துக்கினே இருக்கும், அதுக்குள்ள மீனு போயிடும்."

மாமா குட்டையை எடுத்தார். ஜெர்மன்காரர் தட்டிக்கொடுத்து, சரியான தேர்வு என்றாராம். அன்று முதல் குப்பத்தில் யார் கேட்டாலும் மாமா ஒரே கதைதான் சொன்னார்: "நீளத்த எடுக்கச் சொல்லி எல்லாரும் சொன்னாங்க. நாந்தான் யோசிச்சி குட்டைய எடுத்தேன்." அக்கா அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பாள். நானாக இருந்தால் கரண்டியோடு வெளியே வந்திருப்பேன்.

கோலை எடுத்துக்கொண்டு போவது மாமா. அதை வைத்துக் காப்பாற்றியது அக்கா. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் எல்லாரும் இதைத்தான் வசதியாக மறந்தார்கள்.

உப்புத் தண்ணீரில் போய் வந்த ரீலை அப்படியே வைத்தால் ஒரு வாரத்தில் துரு பிடித்துச் சிக்கிக்கொள்ளும். அக்கா சாயங்காலம் அதை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைப்பாள். தண்ணீரை மேலே கொட்ட மாட்டாள், உப்பு உள்ளே போய்விடும் என்பாள். நிழலில் உலர்த்தி, தையல் மெஷினுக்குப் போடுகிற எண்ணெயைச் சொட்டு விடுவாள். மீன் இழுக்கும்போது நரம்பு எவ்வளவு இறுக்கத்தில் ஓட வேண்டும் என்று வைக்கிற திருகு ஒன்று ரீலில் உண்டு. பாபினில் நூல் இறுக்கம் வைக்கிற திருகு மாதிரிதான் என்று முதல் நாளே கண்டுகொண்டாள். ராத்திரி அதைத் தளர்த்தி வைத்து, காலையில் மறுபடி முடுக்கிக் கொடுப்பாள். தங்கூசியை வெயில் படாமல் வைப்பாள். இரண்டு விரலுக்கு நடுவில் ஓட்டிப் பார்த்து, சொரசொரப்பு தட்டிய இடம் வரைக்கும் தயங்காமல் வெட்டி எறிவாள். "வீணாக்குறாளே," என்று மாமியார் சின்னப்பிள்ளை முணுமுணுக்கும். கோலைப் படுக்கையாக மாட்டுவதற்கென்று சுவரில் இரண்டு ஆணி அடித்து வைத்திருந்தாள். தரையில் கிடந்தால் யாராவது மிதிப்பார்கள், வளையம் நசுங்கும்.

அப்படி ஒரு வருஷத்துக்கு மேல் போனது. மாமா பிடித்த கொடுவா சிதம்பரத்துக்குப் போயிற்று. அங்கே பஸ் ஸ்டாண்டு பக்கம் மிலிட்டரி ஓட்டல் வைத்திருந்த நடனசபாபதி, கொடுவா என்றால் காத்தவராயன்தான் என்று சொல்ல ஆரம்பித்தார். மாமாவுக்குத் தரையில் கால் பாவவில்லை.

1965 ஐப்பசியில் ஒரு நாள் நடனசபாபதி, "அந்தக் கோலத்தான் ஒரு தடவ காட்டுப்பா," என்று கேட்டிருக்கிறார். வேறு என்ன வேண்டும் மாமாவுக்கு? அக்கா மெஷினில் உட்கார்ந்திருந்தபோது ஆணியிலிருந்து கோலை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். கண்டக்டர் உள்ளே விடவில்லை. பஸ் கூரையில் கட்டினார்கள், நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்க. கிள்ளை ரோட்டில் இரண்டு பக்கமும் புளியமரம். போகிற வழியில் என்ன நடந்தது என்பது மாமா ஒருவருக்குத்தான் தெரியும். திரும்பி வந்தவர், கோலை ஆணியில் மாட்டாமல் வாசல் குறுக்கே போட்டுவிட்டுப் படுக்கப் போனார். மறுநாள் விடியற்காலை அக்கா தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். குடத்தை இறக்கிவிட்டுக் குனிய இடமில்லை. கோலைத் தாண்டி உள்ளே போய்க் குடத்தை வைத்துவிட்டு, திரும்பி வந்து கோலை எடுத்து ஆணியில் மாட்டினாள். அதைச் சின்னப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் மாமாவுக்கு மீன் தங்கவில்லை. முதல் கொடுவா அறுத்துக்கொண்டு போனது. செவுள் பட்டிருக்கும் என்றார்கள். அடுத்ததும் போனது. மூன்றாவது, நடனசபாபதி மகளுடைய மறுவீட்டு விருந்துக்காகச் சொல்லி வைத்திருந்த நேரத்தில் வந்தது. கரையில் பாதிக் குப்பம் நின்று பார்க்க, படகுக்குப் பக்கத்தில் வந்து வெள்ளி வயிற்றைக் காட்டிவிட்டு அறுத்துக்கொண்டது. நரம்பு கம்பிக்குப் பக்கத்தில் அறவில்லை, வெகு மேலே அறுந்திருந்தது. அதை அக்காவைத் தவிர யாரும் பார்க்கவில்லை. மாமாவுடைய முகத்தைத்தான் பார்த்தார்கள்.

அன்றைக்கே சின்னப்பிள்ளை வாயைத் திறந்தது. "பொம்பள தாண்டுன கோலுல மீனு எப்படி தங்கும்? எங்கண்ணால பாத்தேன்."

எங்கள் ஆட்களிடம் இது உண்டு. வலையை, தூண்டிலை, துடுப்பைப் பெண்பிள்ளை தாண்டக் கூடாது. கழுவலாம், உலர்த்தலாம், கிழிசல் தைக்கலாம், தலையில் சுமக்கலாம். தாண்டினால் மட்டும் தீட்டு. கையில் இல்லாத தீட்டு காலில் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்காத ஆள் இல்லை. பதில் சொன்ன ஆளும் இல்லை.

ஊர் நாட்டார் அய்யனார், அதாவது குப்பத்துப் பஞ்சாயத்துக்குத் தலைவர், தீர்ப்பு சொல்லிவிட்டார். மாரியம்மன் கோயில் வாசலில் பலகை போட்டு, கோலை மஞ்சள் தண்ணீரில் கழுவி வைப்பார்கள். மங்கலம் ஈரத் துணியோடு வந்து விழுந்து கும்பிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். முடியாதென்றால் தாய் வீட்டுக்குப் போகலாம்.

சேதி வந்ததும் அம்மாவும் நானும் பஸ் பிடித்து ஓடினோம். அம்மா போனதும் போகாததுமாக அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தாண்டலன்னு சொல்லிடுடி. அது கெழவி. கண்ணு சரியா தெரியலன்னு உட்டுடுவாங்க."

"தாண்டுனேன்மா," என்றாள் அக்கா.

"அதான் சொல்லாதங்கிறேன்."

"தாண்டுனத தாண்டலன்னு சொன்னா, தாண்டுறது தப்புன்னு நானே ஒத்துக்கிட்டதா ஆவாதா?"

அம்மாவுக்கு இது புரியவில்லை. தலையில் அடித்துக்கொண்டாள். எனக்குப் புரிந்தது, ஆனால் இந்த நேரத்தில் இந்த நியாயம் பேசினால் இவளை ஊர் விட்டு அனுப்பிவிடுவார்களே என்று பயமாகவும் இருந்தது.

மறுநாள் காலை கோயில் வாசலில் எல்லாரும் கூடினார்கள். பலகை மேல் கோல். பக்கத்தில் செம்பில் மஞ்சள் தண்ணீர். அக்கா காய்ந்த புடவையோடு வந்தாள். அதற்கே ஒரு சலசலப்பு. அவள் கையில் கொஞ்சம் பஞ்சு இருந்தது, தலையணையிலிருந்து பிய்த்தது.

"நாட்டாரே, விழறதுக்கு முன்னாடி ஒண்ணு பாக்கணும்," என்றாள். "மிஷின்ல ஊசிக் காதுல பிசிறு இருந்தா நூலு அந்து அந்து போவும். ஊசிய மாத்துனா சரியாப் போவும். அந்த மாதிரி இதுல இருக்கான்னு பாக்கறேன்."

"பாரு, பாரு," என்றார் அய்யனார். கெட்ட மனிதர் இல்லை அவரும். இந்தக் கதையில் யாருமே கெட்ட மனிதர் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

கோல் நெடுக நரம்பு ஓடுகிற வளையங்கள் இருக்கும். அக்கா பஞ்சைத் திரித்து ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டு இழுத்தாள். முதல் வளையத்தில் வழுக்கிக்கொண்டு வந்தது. அடுத்ததிலும் வந்தது. எல்லாவற்றிலும் வந்தது. கோலின் நுனியில் இருந்த கடைசி வளையத்தில் விட்டு இழுத்தாள். பஞ்சு மாட்டிக்கொண்டது. அவள் கையை எடுத்தாள். பஞ்சு நுனியில் தொங்கிக்கொண்டு காற்றில் ஆடியது.

அய்யனார் கோலை வாங்கி விரலால் தடவினார். விரலை இழுத்துக்கொண்டார். வளையம் விரிசல் கண்டு, உள்பக்கம் ஒரு பிசிறு நின்றது. மீன் இழுக்கிற ஒவ்வொரு இழுப்பிலும் நரம்பு அதில் உராய்ந்து உராய்ந்து தேய்ந்திருக்கிறது. கோல் கைமாறிப் போயிற்று. பார்த்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள்.

என் கைக்கு வந்தபோது நான் இன்னொன்றைப் பார்த்தேன். வளையத்தின் வெளிப்பக்கம் பல் பல்லாகக் குறடு கவ்விய தடம். வளைந்து போனதை யாரோ குறடால் நிமிர்த்தியிருக்கிறார்கள். அந்த வீட்டில் குறடு வைத்திருந்தது ஒருவர்தான். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் உப்பங்கழியில் போகிற படகைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவும் தடத்தைப் பார்த்திருந்தாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

சரி, விஷயம் தெளிவாகிவிட்டது, எல்லாரும் கலைவார்கள் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய மடச்சி நான்.

"வளையம் ஒடஞ்சிருக்குது, நெசந்தான்," என்றார் அய்யனார். "அது ஒரு பக்கம் இருக்கட்டும். ஊர் கூடி பேசுனது பேசுனதாவே இருக்கட்டும். ஒரு தடவ விழுந்துடும்மா. ஒனக்கு என்னா கொறஞ்சிடப் போவுது?"

சுற்றிலும் எல்லாரும் அதையே சொன்னார்கள், அன்பாக. பெண்கள்தான் ஜாஸ்தி. விழுந்து எழுந்தால் ஒரு நிமிஷம், அப்புறம் சோறு பொங்கப் போகலாம் என்றார்கள். உன்மேல் தப்பில்லை என்று தெரிந்த பிறகும் விழு என்கிற அந்த அன்பு இருக்கிறதே, திட்டியிருந்தால் கூட எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது.

"விழமாட்டேன்," என்றாள் அக்கா. கோலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டில் அவள் செய்த முதல் வேலையைக் கேட்டால் நம்ப மாட்டீர்கள். ஜெர்மன்காரர் விட்டுப்போன தகர டப்பாவில் மாற்று வளையங்கள் இருந்தன. விளக்கு நெருப்பில் நுனியைக் காட்டி, பழைய வளையத்தை இளக்கிக் கழற்றி, புது வளையத்தை அரக்கு வைத்து ஒட்டினாள். பஞ்சு விட்டுப் பார்த்தாள். வழுக்கி வந்தது. ரீலில் சொரசொரத்த நரம்பையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தங்கூசி சுற்றினாள்.

"குறடு தடம் பாத்தேன்," என்றேன் நான். "அங்கயே சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லல?"

"நான் சொன்னா புருஷன் மேல பழி போடுறதா ஆவும். அது அவரு வாயாலதான் வரணும்."

கோலை மாமாவிடம் கொடுத்தாள். "போய்ட்டு வா," என்றாள். அவர் கோலை வாங்கிக்கொண்டு படகுக்குப் போனார்.

மதியம் திரும்பினார், கொடுவாயோடு. தோளில் போட்டால் வால் முழங்காலைத் தொடுகிற மீன். குப்பமே கோயில் வாசலுக்கு ஓடி வந்தது. மாமா பழையபடி நிமிர்ந்து நின்றார். அந்த இடத்தில் சின்னப்பிள்ளை சொன்னது: "அவ விழாட்டி போறா. அவ பாக்காதப்ப நாந்தான் கோலு மேல மஞ்சத் தண்ணி தெளிச்சேன். தீட்டு போயிடுச்சி."

"அப்படியா சேதி," என்றார் அய்யனார், பாரம் இறங்கினவராக. "அப்ப சரி. மங்கலம் இங்கியே இருக்கட்டும். ஊரு மன்னிச்சிடுச்சி."

மன்னித்துவிட்டார்களாம். புது வளையம் போட்டது யார், நரம்பு மாற்றியது யார், எல்லாம் போய் ஒரு செம்பு மஞ்சள் தண்ணீர் மீனைப் பிடித்துக் கொடுத்துவிட்டது. நான் மாமாவையே பார்த்தேன். இப்போது ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் மீனை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். சிரித்தார். அவ்வளவுதான்.

அக்கா கூட்டத்தை விட்டு வீட்டுக்கு நடந்தாள். வீட்டுக்கு வந்த கோலிலிருந்து ரீலைக் கழற்றினாள். வழக்கம் போலத் துடைத்தாள், எண்ணெய் விட்டாள், திருகைத் தளர்த்தினாள். துணியில் சுற்றித் தையல் மெஷின் டிராயரில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு மாட்டு வண்டிக்காரரை விடியற்காலையில் வரச் சொல்லி அனுப்பினாள்.

"அதான் இருக்கச் சொல்லிட்டாங்களேடி," என்று அழுதாள் அம்மா.

"மன்னிச்சி வச்ச வூட்ல நான் இருக்கமாட்டேம்மா."

வண்டி வந்தது. மெஷினை நானும் அக்காவும் வண்டிக்காரரும் பிடித்து ஏற்றினோம். ஊரார் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். யாரும் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. அக்கா வண்டிப் பக்கத்தில் நின்றாள். கிளம்பச் சொல்லவில்லை. மாமாவுக்கு நேரம் கொடுக்கிறாள் என்று எனக்கு மட்டும் தெரிந்தது. அவளுக்குப் போக ஆசையில்லை. அந்த மனிதர் மேல் அவளுக்கு ஆசை இருந்தது. அதுவும் எனக்குக் கோபம்தான், ஆனால் இருந்தது.

மாமா ரீல் இல்லாத கோலோடு வீட்டிலிருந்து வந்தார். ராத்திரி தூங்கியிருக்க மாட்டார். வாசலில் நின்று கூட்டத்தைப் பார்த்தார். கோலை வாசல் குறுக்கேயே கீழே போட்டுவிட்டார். நாலு பேர் மெச்ச வேண்டும் என்றே வாழ்ந்த மனிதர், அந்த நாலு பேர் முன்னால் வாயைத் திறக்க என்ன பாடு பட்டார் என்பதையும் நான் பார்த்தேன். பாவம் என்று சொல்லமாட்டேன்.

"நாட்டாரே," என்றார். "வளையத்த ஒடச்சது நானு. பஸ்ஸு மேல கட்டி எடுத்துக்கினு போனேன். புளியங் கிளையில அடிச்சி வளஞ்சிடுச்சி. தெரியக் கூடாதுன்னு குறட்டால நானே நிமித்தி வச்சேன். அவமேல தப்பு இல்ல. அவ கோல தாண்டவும் இல்ல, எங்கம்மாவுக்குக் கண்ணு சரியா தெரியல."

சின்னப்பிள்ளை பதறியது. அய்யனார் தலையைச் சொறிந்தார். "அப்ப தாண்டவே இல்லியா? அத மொதல்லியே சொல்லக் கூடாதா?" என்றார். கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. எல்லாருக்கும் வசதியான முடிவு. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மெஷினை இறக்கச் சொல்லி வண்டிக்காரருக்குக் கைகாட்டிவிட்டாள்.

"இறக்காதீங்க," என்றாள் அக்கா.

மாமா திகைத்துப் போனார். "அதான் சொல்லிட்டேனே."

"தாண்டுனேன் மாமா. கொடத்தோட வந்தேன், வாசல்ல குறுக்க கோலப் போட்டு வச்சிருந்த, தாண்டுனேன். அதையும் சொல்லு. அவ தாண்டுனா, அதனால ஒண்ணும் ஆவலன்னு சொல்லு."

அந்த ஒரு வாக்கியத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் வண்டி மாடு இரண்டும் படுத்துவிட்டன. கடைசியில் தன் அம்மாவின் முகத்தையும் பார்க்காமல், நாட்டார் முகத்தையும் பார்க்காமல், அக்காவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தாண்டுனா. தாண்டுனதால ஒண்ணும் ஆவல."

சின்னப்பிள்ளை வாசலில் வைத்திருந்த மஞ்சள் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனது.

அக்கா இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். மெஷின் வண்டியில் இருந்தபடியே அதன் டிராயரைத் திறந்து ரீலை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"மொதல்ல அந்தக் கோல வாசல்லேந்து எடு," என்றாள். "ஆணி எதுக்கு அடிச்சி வச்சிருக்குது?"